பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரில் ஃபோர்ஸா ஹொரைசன் 5: கிராபிக்ஸ் கார்டைக் கடைசியில் வாங்குங்கள்

புளியரை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் மடியில் இருந்த கேபினட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தேன் என்றான் என் அக்கா மகன். ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு அதைச் சுமந்து வந்திருந்தான். கொச்சியில் ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ5-4570 ப்ராசஸர், ஒற்றை 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். என் சர்வீஸ் கடை மேசையில் இறக்கி வைத்த கையோடு கேட்டான்: "மாமா, ஃபோர்ஸா ஹொரைசன் 5 இதுல ஓடுமா ஓடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஓடும்ல. ஆனா நீ நெனைக்கிற மாதிரி கார்டு வாங்கிச் சொருகுனா ஓடாது."

அந்தக் கார் பந்தய ஆட்டம் 2021 நவம்பரில் வந்தது. 2013-இல் வந்த ப்ராசஸருக்கு அது எட்டு வயது இளையது. எங்களைப் பொறுத்தவரை புது ஆட்டம்தான். நான்கு நாள் மெனக்கெட்டு ஓட வைத்தோம். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வரிசைதான் முக்கியம். எல்லாரும் முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் ஓடுவார்கள். நானும் ஒரு காலத்தில் ஓடினேன். அந்தக் கதை கார்டு வாங்கும் இடத்தில் வரும்.

முதல் படி: கையில் இருப்பது என்ன

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ப்ராசஸரின் முழுப் பெயர், ராம் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஹார்ட் டிஸ்க்கா, கிராபிக்ஸ் பெயரும் அதன் தனி மெமரியும்.

ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் என்று சொல்லப்பட்டிருப்பது ஐ5-4460 அல்லது ரைசன் 3 1200, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்எக்ஸ் 470 கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி வீடியோ மெமரி, 110 ஜிபி இடம். எங்கள் ஐ5-4570 ப்ராசஸர் கணக்கில் தேறிவிட்டது. டிஸ்க்கில் இடமும் உண்டு. ராமிலும் கிராபிக்ஸிலும் ஃபெயில்.

ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆட்டமும் கிராபிக்ஸும் பேசிக்கொள்ள உதவும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12 இந்த ஆட்டத்துக்குக் கட்டாயம். 4-ஆம் தலைமுறை ப்ராசஸர்களின் உள்கிராபிக்ஸில் பாதுகாப்புக் குறைபாடு ஒன்று தெரியவந்தபின், இன்டெல் தன் புதிய டிரைவர்களில் டைரக்ட்எக்ஸ் 12-ஐயே எடுத்துவிட்டது. அதனால் தனி கார்டு இல்லாமல் முடியாது. கோர் 2 டுயோ வைத்திருப்பவர்கள் இந்த ஆட்டத்தை மறந்துவிடலாம். இரண்டே கோர் உள்ள பழைய ஐ3 என்றால் கார்டுக்குப் போடும் காசை ப்ராசஸர் தின்றுவிடும்.

இரண்டாம் படி: தூசி

ஆனி, ஆடியில் கணவாய் வழியே எங்கள் ஊருக்குக் காற்று வரும். சாரலோடு வரும், செம்மண்ணோடும் வரும். அலுவலக ஏசியில் இருந்த மெஷினுக்கு இந்தக் காற்று ஒரு வருஷம் பட்டால் போதும். இவனுடைய கேபினட்டைத் திறந்தபோது ஹீட்சிங்கில் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. மெஷினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஓரத்தில் காய்ந்துபோன ஒரு பல்லி.

மின் ஒயரை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும். பிறகு பிளோயர். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போகும். பஞ்சர் கடை ஏர் பைப்பைக் கேட்காதீர்கள். அதில் காற்றோடு தண்ணீரும் வரும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள், திறக்க வேண்டாம். அதன் கெப்பாசிட்டரில் ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

ப்ராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் பத்து வருஷத்தில் சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில். அவ்வளவுதான். சப்பாத்திக்கு நெய் தடவுகிற மாதிரி தடவ வேண்டியதில்லை. மெஷின் சூடேறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன்பின் எந்த கார்டு போட்டாலும் பலன் இராது.

மூன்றாம் படி: ராமும் எஸ்எஸ்டியும்

ராமில் எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை கம்பி, அதாவது எத்தனை தனித்தனி ராம் பட்டை, என்பதும் கணக்கு. டிடிஆர்3 1600 ராம் ஒன்று நொடிக்கு 12.8 ஜிபி வேகத்தில் தரவு கொடுக்கும். ஒரே அளவில் இரண்டைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் 25.6. ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஸ்லாட்டில் போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளில் வழக்கம். போர்டின் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ஒற்றைக் கம்பியைவிட 4-ம் 4-ம் இந்த ஆட்டத்தில் தட்டுத்தடுமாறாமல் போகும். முடிந்தால் 8-ம் 8-ம். டிடிஆர்3 செகண்ட்ஸில் தாராளமாகக் கிடைக்கிறது. நாங்கள் 8+8 போட்டோம்.

அடுத்து எஸ்எஸ்டி. ஹொரைசன் மாதிரித் திறந்தவெளி ஆட்டத்தில் சாலை உங்களுக்கு முன்னால் விரியவிரிய மரமும் வீடும் டிஸ்க்கிலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி தரும். கார் 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது போதாது. எதிரே ரோடே வரையப்படாமல் மொழுக்கென்று நிற்கும், பிறகு திடீரென்று முளைக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தரும். விண்டோஸும் ஆட்டமும் சேர்ந்து இருக்க 480 அல்லது 512 ஜிபி வாங்குங்கள். 240 வாங்கினால் ஆறு மாதத்தில் வருத்தப்படுவீர்கள்.

இந்த இரண்டும் ஆட்டம் ஓடவில்லை என்றாலும் வீண்போகாத செலவு. கார்டைக் கடைசியில் வாங்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

நான்காம் படி: எஸ்எம்பிஎஸ் சீட்டு

கேபினட் பக்கக் கதவைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். மொத்த வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட், 16 ஆம்பியர் என்றால் 192 வாட். ஐ5-4570-க்கு 84 வாட். மதர்போர்டின் கார்டு ஸ்லாட் தானாகக் கொடுக்கக்கூடியது 75 வாட். கூட்டினால் 159. ஃபேன், டிஸ்க்குக்குக் கொஞ்சம் போக, சமாளித்துவிடலாம்.

ஆட்டம் கேட்கும் ஜிடிஎக்ஸ் 970 மட்டும் 145 வாட் இழுக்கும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயரும் கேட்கும். அலுவலக மெஷின்களில் அந்த ஒயரே பெரும்பாலும் இருக்காது. "அப்ப எஸ்எம்பிஎஸ்ஸ மாத்திருவோம் மாமா" என்றான். பல பிராண்டட் அலுவலக மெஷின்களில் மதர்போர்டுக்குப் போகும் பிளக் கடையில் கிடைக்கும் 24 பின் கிடையாது. 6, 8, 14 பின் என்று ஆளுக்கொரு தினுசு. கன்வெர்ட்டர் ஒயர் கிடைக்கும்தான், ஆனால் இதற்கு மேல் போனால் புது மெஷினுக்கே காசு சேர்க்கலாம். ஆகவே எங்கள் எல்லை: ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் 75 வாட் கார்டு.

ஐந்தாம் படி: கார்டு, அதில் இருக்கும் சூது

75 வாட்டுக்குள் செகண்ட்ஸில் நன்றாகக் கிடைப்பவை இரண்டு. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650. இரண்டுக்கும் 4 ஜிபி மெமரி. 1650 வேகமானது; ஆனால் அதிலேயே சில மாடல்களில் 6 பின் ஒயர் சொருகும் இடம் இருக்கும், அவை நமக்கு ஆகாது. டிஐ இல்லாத வெறும் 1050 என்றால் பெரும்பாலும் 2 ஜிபிதான், தொடாதீர்கள். மெலிந்த கேபினட் என்றால் லோ புரொஃபைல் கார்டு கேட்டு வாங்க வேண்டும். பாதி உயரப் பிளேட்டும் கூடவே வருகிறதா என்று பாருங்கள்.

ஆர்எக்ஸ் 6400 என்று ஒன்று உண்டு. புதியது, கரண்டும் குறைவு. ஆனால் அது மதர்போர்டோடு நான்கே லேன் (தரவு போகும் பாதை) வழியாகத்தான் பேசும். புது போர்டில் அந்த நான்கும் அகலமான ரோடு. நம் பழைய போர்டின் 3-ஆம் தலைமுறை ஸ்லாட்டில் அதே நான்கு பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், வீடியோ மெமரி நிரம்பும் ஆட்டங்களில் திணறும். பழைய மெஷினுக்கு நான் போட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது என் கதை. சில வருஷம் முன்பு எனக்கே ஆசை வந்து, ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று வாங்கினேன். சந்தை விலையில் பாதி. கடையில் இருந்த பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். கார்டிலும் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தது. "நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்று சந்தோஷப்பட்டேன். சொருகினேன், விண்டோஸும் 1050 டிஐ என்றே காட்டியது. ஆட்டத்தைத் திறந்தால் திரை கருப்பு.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுக் காட்டியது. உள்ளே இருந்தது பல வருஷம் பழைய வேறொரு சிப். அதன் பயாஸில், அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில், பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள்.

அந்த நீல போர்ட்டிலேயே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே, விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டை, இந்த கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா எடுத்துவிட்டது. அசல் 1050 டிஐயில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட், டிவிஐ-டி இருக்கும், விஜிஏ இருக்காது. பழைய மானிட்டர் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் விஜிஏ தேடுவோம் என்று தெரிந்தேதான் இந்தப் போலிகளில் அதை விட்டு வைத்திருக்கிறார்கள். கார்டில் நீலமாகப் பதினைந்து துளையைப் பார்த்தால் காசை எடுக்காதீர்கள்.

அசல் கார்டைப் பழைய விஜிஏ மானிட்டரில் இணைக்க வழி உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர். டிவிஐயில் சொருகும் சாதாரண முனை மாற்றி இந்த கார்டில் உதவாது. டிவிஐ-டியில் அனலாக் பின்களே கிடையாது.

மருமகனுக்கு வாங்கும்போது நேரில்தான் வாங்கினோம். தென்காசியில் ஒருவர் தன் மெஷினிலிருந்தே கழற்றிக் கொடுத்தார். கழற்றும் முன் ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டச் சொன்னேன்: ஷேடர் எண்ணிக்கை 768, மெமரி 4096 எம்பி, பஸ் அகலம் 128 பிட். மூன்றும் சரி. பிறகு பத்து நிமிஷம் ஆட்டம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டோம். இவ்வளவு பார்ப்பதற்கு யாராவது முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 1050 டிஐ, ஆட்டம் கேட்கும் 970-ஐவிட மெதுவானதுதான். குறைந்தபட்சத்துக்கும் கீழே நின்றுகொண்டுதான் ஓட்டப்போகிறோம்.

ஆறாம் படி: விண்டோஸ், டிரைவர்

கார்டைப் போட்டதும் மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகுங்கள். சிரிக்காதீர்கள், பழக்க தோஷத்தில் மதர்போர்டிலேயே சொருகிவிட்டு "கார்டு வேலை செய்யல" என்று வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

விண்டோஸ் 10, 64 பிட். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8-ஆம் தலைமுறை இன்டெலிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புப் பாதுகாப்புக்குப் பதிவு செய்தாலும் 2026 அக்டோபர் வரைதான். ஆட்டத்துக்கு மட்டும் இந்த மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலை இதில் வேண்டாம்.

1050 டிஐ வரிசைக்கு ஆட்டங்களுக்கான புது டிரைவர் வருவதும் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 580 வரிசைதான் கடைசி. ஏற்கெனவே வந்த ஆட்டங்களுக்கு அது போதும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், 8 ஜிபி ராமில் அதை அணைத்தால் ஆட்டம் பாதியில் மூடிக்கொள்ளும்.

ஏழாம் படி: 110 ஜிபியை வீட்டுக்குக் கொண்டுவருவது

தினம் 2 ஜிபி போன் டேட்டாவில் இறக்கினால் 55 நாள். ஆரியங்காவில் மழை நாளில் சிக்னல் போய்விட்டால் அதற்கும் மேல். 30 எம்பிபிஎஸ் ஃபைபரில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு ராத்திரி. டிஎல்சி எனும் கூடுதல் பகுதிகளையெல்லாம் சேர்த்தால் அளவு இன்னும் கூடும்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் ஆட்டக் கடையில் வாங்கியிருந்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதே ஆட்டத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் நண்பரின் மெஷினிலிருந்து ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன், அதற்குள் ஆட்டத்தின் ஃபோல்டர், அதை அப்படியே எஸ்எஸ்டியில் காப்பி செய்து உங்கள் மெஷினில் அதே இடத்தில் வையுங்கள். பிறகு ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்தால் இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடித்துச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். உங்கள் கணக்கிலும் ஆட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் கேட்கும்.

வாங்கி 14 நாளுக்குள், ஓட்டியது 2 மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் தடவை திறக்கும்போது ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று ஆட்டம் வெகுநேரம் நிற்கும். பழைய ப்ராசஸரில் அது இன்னும் நீளும். அந்த நேரமும் 2 மணி நேரக் கணக்கில்தான் போகும். அவசரப்பட்டு மூடாதீர்கள், ஆனால் டீ குடிக்கப் போய் அங்கேயே உட்கார்ந்தும் விடாதீர்கள்.

எட்டாம் படி: செட்டிங்ஸ்

முதலில் ரெசல்யூஷன். 1920×1080 என்றால் ஒரு ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளி. 1600×900 என்றால் 14.4 லட்சம். கார்டின் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அலுவலக மெஷினோடு வரும் 20 இஞ்ச் மானிட்டர் பல நேரம் 900 வரிசைதான்; இந்த விஷயத்தில் அது வரம். மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனிலேயே ஓட்டினால் படம் கூர்மையாகவும் இருக்கும்.

பிரீசெட்டை லோவில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கைவையுங்கள். எம்எஸ்ஏஏ ஆஃப். ரே டிரேசிங் ஆஃப். இரவு நிழல் ஆஃப். எஸ்எஸ்ஆர் ஆஃப். ரிஃப்ளெக்‌ஷன் லோ, ஓட்டுகிறவன் கண் ரோட்டில் இருக்கும், பானெட்டில் வானம் தெரிவதைப் பார்க்க மாட்டான். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கை மட்டும் மேலே ஏற்றுங்கள், அதற்குச் செலவு சொற்பம், தூரத்து ரோடு தெளிவாகத் தெரியும். என்விரான்மென்ட் ஜியாமெட்ரி லோவிலேயே இருக்கட்டும். அது கார்டோடு ப்ராசஸரையும் சேர்த்து அழுத்தும். என்விரான்மென்ட் டெக்ஸ்சரை மீடியத்துக்கு ஏற்றிப் பாருங்கள். வீடியோ மெமரி பற்றி ஆட்டமே எச்சரிக்கை காட்டினால் பழையபடி லோவுக்கு இறக்குங்கள்.

எஃப்எஸ்ஆர் 2 இந்த ஆட்டத்தில் இருக்கிறது. 1080 மானிட்டரில் குவாலிட்டி அளவில் போட்டால் உள்ளே 1280×720-இல் வரைந்து பெரிதாக்கும். 1080 மானிட்டர் வைத்திருப்பவர்கள் முயலலாம். 900 மானிட்டரில் அதைப் போட்டுப் பார்த்தோம். தூரத்து மரங்கள் கஞ்சியில் விழுந்த கீரை மாதிரி ஆகிவிட்டன. எடுத்துவிட்டோம். இதே மாதிரி வேலை செய்யும் டிஎல்எஸ்எஸ், ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும்.

ஒன்பதாம் படி: எண்ணிக்கையைவிடச் சீர்

செட்டிங்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் மோடு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் அதை ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அமைப்பை மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாமல் போகும்.

எங்களுக்கு நெடுஞ்சாலையில் நொடிக்கு 60 ஃபிரேமைத் தொட்டது, ஊருக்குள் நுழைந்ததும் 40-க்கு இறங்கியது. மருமகன் 60-ஐப் பார்த்துக் குதித்தான். எனக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் உறுத்தியது. 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட், 40 என்றால் 25. வளைவில் திருப்பும் நேரத்தில் இந்த இடைவெளி மாறினால் கை ஏமாந்துபோகும், கார் தடுப்பில் மோதும். இந்த மலைப்பாதையில் லோடு ஏற்றி வரும் லாரிக்காரர் எவரும் வளைவுக்கு வளைவு கியரை மாற்றித் தள்ளாட மாட்டார். ஒரு கியரைப் போட்டு ஒரே வேகத்தில் ஏறுவார்.

"30-ல பூட்டிப் பாரு" என்றேன்.

"முப்பதா? போன்லயே அறுபது வருது மாமா."

"ஒரு ரேஸ் ஓட்டிட்டுப் பேசு."

ஓட்டினான். பிறகு பேசவில்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 30 என்பது சரிபாதி. ஒவ்வொரு படமும் இரண்டு தடவை காட்டப்படும், தடுமாற்றம் இல்லை. இடையில் 45 மாதிரி வைத்தால் சில படம் ஒரு தடவையும் சில படம் இரண்டு தடவையுமாக விழும். நிழலையும் துகள்களையும் இன்னும் குறைத்து 60-ஐ எட்ட முடிகிறவர்கள் எட்டட்டும். முடியாதவர்கள் 30-இல் பூட்டிவிட்டு, மிச்சமாகும் சக்தியை டெக்ஸ்சருக்குக் கொடுக்கலாம்.

எது தடுக்கிறது என்று அறிய, ஓட்டிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல், ப்ராசஸர் 70 என்றால் கார்டுதான் தடை, ரெசல்யூஷனைக் குறையுங்கள். ப்ராசஸர் 100, கார்டு 60 என்றால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. ஃபிரேமைப் பூட்டுங்கள், பின்னணியில் ஓடும் பிரவுசரை மூடுங்கள். அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4770 செகண்ட்ஸில் கிடைத்தால் அது நான்கு கோரோடு எட்டு த்ரெட் தரும், கொஞ்சம் மூச்சுவிடும். ஆட்டம் அடிக்கடி மூடிக்கொண்டால், திரை ஓரத்தில் எண் காட்டும் ஆஃப்டர்பர்னர் மாதிரி ஓவர்லேக்களை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு வரி: சார்ஜர் சொருகாமல் ஓட்டாதீர்கள்.

2023-இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் பற்றியும் கேட்கிறார்கள். அது ஐ5-8400, ஜிடிஎக்ஸ் 1060 என்று தொடங்குகிறது, எஸ்எஸ்டியும் கட்டாயம். இந்த மெஷினில் வேண்டாம். ஹொரைசன் 4 இதற்கு மிகப் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் 2024 டிசம்பர் 15-க்குப் பிறகு அது கடைகளில் விற்பனைக்கே இல்லை.

நான்காம் நாள் மாலை மருமகன் மறுபடியும் கேபினட்டைக் கட்டினான். கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றிப் பையில் வைக்கச் சொன்னேன். வளைவுப் பாதையில் குலுங்கினால் ஸ்லாட் நெளியும். என் பழைய போலி கார்டு அலமாரியில் கிடப்பதைப் பார்த்தவன், "இது எதுக்கு மாமா வச்சிருக்கீக?" என்றான். அந்த நீல போர்ட்டைக் காட்டத்தான். கார்டு வாங்கப்போகிறேன் என்று கடைக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் முதலில் அதைத்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன்.